எண்ணெய் கம்பெனிப் பங்கில் 15 லட்சம் போடலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். வயது 54. நாலு ஏக்கர் மாந்தோப்பு, ரோடு அகலப்படுத்தியதில் கொஞ்சம் நிலம் போய் நஷ்டஈடாக வந்த 22 லட்சம் வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. ஓசூரில் வேலை பார்க்கும் மச்சான் மகன் ஒரு டெலிகிராம் குழுவில் இருக்கிறான், அவன் சொல்லி ஒரு சின்ன எண்ணெய் எரிவாயுக் கம்பெனியின் பங்கை 14 ரூபாய்க்கு 3,000 வாங்கினாராம், இப்போது 19 ரூபாய். அந்தக் கம்பெனிக்கு வடக்கே ஒரு பிளாக்கில் (எண்ணெய் தேட அரசு ஒதுக்கும் பரப்பில்) 25 சதவீதம் பங்கு. "எண்ணெய் கண்டுபிடித்துவிட்டார்கள் தம்பி, எக்ஸ்சேஞ்சிலேயே அறிவிப்பு வந்துவிட்டது, ஒரு வருஷத்தில் 100 ரூபாய் போகும் என்கிறான். டெபாசிட்டில் 12 லட்சம் எடுத்து, வீட்டு நகையை வைத்து ஒரு 3 லட்சம், மொத்தம் 15 போடலாமா? பெண்ணுக்கு வரும் தையில் கல்யாணம் வைத்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருக்கிறார்.

அண்ணா, வணக்கம். போடாதீர்கள். 15 லட்சமும் வேண்டாம், 12 லட்சமும் வேண்டாம், நகையை வைத்து ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வேண்டாம் என்று மட்டும் சொன்னால், அடுத்த வாரம் அந்தப் பங்கு 23 ஆகும்போது உங்களுக்கு என் மேல் கோபம் வரும், மச்சான் மகன் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

முதலில் நம்ம ஊர் விஷயம். நான் பாலக்கோடு பக்கம். 2003 வறட்சியில் எங்கள் அப்பா மூன்று போர் போட்டார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்தது, ராத்திரி முழுக்க ஓட்டினார்கள், 550 அடி போயும் வெறும் புழுதிதான், காலையில் பார்த்தால் தக்காளிச் செடி எல்லாம் வெள்ளையாக நிற்கிறது. இரண்டாவது 780 அடி. அரை இஞ்ச் தண்ணி வந்தது, எல்லோரும் வண்டிக்குத் தேங்காய் உடைத்தோம், பங்குனியில் அதுவும் நின்றுவிட்டது. மூன்றாவதுக்கு நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து ஓர் இடத்தைக் காட்டினார், அதில் நிஜமாகவே ஒன்றரை இஞ்ச் வந்தது. ஆனால் சோதனைக்குக் கொடுத்தபோது ஃபுளோரைடு அளவுக்கு மேல். மாட்டுக்கும் தக்காளிக்கும் ஆனது, மனுஷனுக்கு ஆகவில்லை, ஒகேனக்கல் தண்ணீர் வரும்வரை குடிக்கிற தண்ணீருக்குக் குடம் தூக்கினோம். அந்த மூன்றாவது போருக்கு அம்மாவின் நகையைத்தான் வைத்தோம். அது திரும்பி வரவில்லை, ஏலத்துக்குப் போய்விட்டது.

சின்ன எண்ணெய் தேடும் கம்பெனியின் பங்கை வாங்குவது இதேதான். இன்னொருவர் நிலத்தில், நீங்கள் பார்க்காத இடத்தில், போர் போடுவதற்குப் பணம் கொடுக்கிறீர்கள். வண்டியிலிருந்து வெளியே வந்தது புழுதியா, ஈரமா, அரை இஞ்சா, குடிக்க ஆகுமா என்பதைக் கம்பெனி எழுதும் நாலு வரியில்தான் உங்களால் தெரிந்துகொள்ள முடியும்.

அந்த நாலு வரியைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் படித்தேன். "எண்ணெய் கண்டுபிடித்தோம்" என்று அதில் எங்கேயும் இல்லை. "துளையிடும்போது ஹைட்ரோகார்பன் ஷோஸ் தென்பட்டன" என்று இருக்கிறது (ஹைட்ரோகார்பன் என்றால் எண்ணெய், எரிவாயு). இந்த 'ஷோஸ்' என்ற வார்த்தைதான் எல்லாம். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது ஒரு கலவைச் சேற்றை உள்ளே அனுப்பி வெளியே எடுத்துக்கொண்டே இருப்பார்கள், அந்தச் சேறு கீழே அரைபடும் பாறைத் தூளை மேலே கொண்டுவரும். ஒருவர் அந்தத் தூளை அலசி, புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்ப்பார். எண்ணெய் ஒட்டியிருந்தால் மஞ்சளாகவோ நீலமாகவோ மினுங்கும். சேற்றில் எரிவாயு கலந்து வருகிறதா என்று ஒரு கருவி அளந்துகொண்டிருக்கும். இந்த மினுக்கமும் வாயுவும்தான் ஷோஸ். நம்ம ரிக் வண்டிக்காரர் வெளியே வரும் தூளைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்து "ஈரம் தெரியுது" என்பாரே, அந்தக் கட்டம். அந்த ஒரு சொல்லை நம்பி யாராவது மோட்டார் வாங்கப் போவார்களா?

அதற்கு அப்புறம் கிணற்றுக்குள் கருவி இறக்கி பாறையின் துளைத்தன்மையை அளக்க வேண்டும். அப்புறம் சோதனை ஓட்டம் விட வேண்டும், எத்தனை பீப்பாய் வருகிறது, எண்ணெயோடு தண்ணீர் எவ்வளவு வருகிறது, அழுத்தம் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் வயலின் எல்லை தெரிய இன்னும் சில கிணறுகள். பிறகு இது வணிகரீதியாகத் தேறும் என்று அறிவித்து, வயல் மேம்பாட்டுத் திட்டம் போட்டு, ஹைட்ரோகார்பன் இயக்குநரகம் வரை காகிதம் போய், சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி, குழாயோ டேங்கரோ ஏற்பாடு செய்த பிறகுதான் முதல் ரூபாய்.

இது எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, அதுவும் ஜெயித்த உதாரணம். ராஜஸ்தான் பார்மரில் கெய்ர்ன் என்ற கம்பெனி. அப்போது அது ஸ்காட்லாந்திலிருந்து வந்த சின்ன கம்பெனிதான். அந்த பிளாக்கில் தன் பங்கை ஷெல் போன்ற பெரிய நிறுவனமே 2002இல் சுமார் 72 லட்சம் டாலருக்கு கெய்ர்னுக்கே விற்றுவிட்டு வெளியேறியது. 2004 ஜனவரியில் மங்களா வயல் கிடைத்தது, இருபது வருஷத்துக்கு மேலாக நாட்டின் நிலப்பகுதியில் கிடைத்ததிலேயே பெரியது. டெலிகிராம் குழுக்காரர்கள் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். எண்ணெய் வெளியே வரத் தொடங்கியது 2009 ஆகஸ்டில். ஐந்தரை வருஷம். முக்கியமான ஒரு காரணம், அந்த எண்ணெயில் மெழுகு அதிகம், சாதாரண வெப்பத்திலேயே உறைந்துவிடும், அதனால் குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டருக்குச் சூடாக்கிக்கொண்டே போகும் குழாய் போட வேண்டியிருந்தது. எங்கள் மூன்றாவது போரின் ஃபுளோரைடு மாதிரி: கிடைத்தது நிஜம், ஆனால் கிடைத்ததை அப்படியே பயன்படுத்த முடியாது. கெய்ர்னிடம் அந்தக் குழாய்க்குப் பணம் இருந்தது. உங்கள் கம்பெனியிடம் இருக்கிறதா?

ஃபாக்லண்ட் தீவுகள் என்று தென் அட்லாண்டிக்கில் இருக்கிறது. 2010 மே மாதம் அங்கே ராக்ஹாப்பர் என்ற சின்ன கம்பெனி சீ லயன் என்ற வயலைக் கண்டுபிடித்தது. நிஜமான, பெரிய கண்டுபிடிப்பு, பங்கு பல மடங்கு ஏறியது. பதினைந்து வருஷம் கழித்தும் அங்கிருந்து ஒரு பீப்பாய்கூட விற்பனைக்கு வரவில்லை. மேம்படுத்தப் பணம் வேண்டும், பணம் போட ஒரு பெரிய கூட்டாளி வேண்டும், நடுவில் எண்ணெய் விலை விழுந்தது. அதே தீவுப் பக்கத்தில் அதே வருஷம் டிசம்பரில் டிசையர் பெட்ரோலியம் என்ற இன்னொரு கம்பெனி எண்ணெய் கிடைத்திருப்பதாக அறிவித்தது, சில நாளில் அது தண்ணீர் என்று திருத்தி அறிவித்தது. பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. யாரும் ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. பூமிக்கு அடியில் இருப்பதைப் படிப்பது அவ்வளவு கஷ்டம், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெரியவர்களுக்கும் இதே கதிதான் என்பதற்கு கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடலைப் பாருங்கள். அங்கே கேஜி-டி6 என்ற பிளாக்கில் ரிலையன்ஸ் 2009 ஏப்ரலில் எரிவாயு எடுக்கத் தொடங்கியது, அடுத்த வருஷம் ஒரு நாளைக்குச் சுமார் 6 கோடி கன மீட்டர் வந்தது, 8 கோடி வரும் என்று திட்டம். 2011இல் பிரிட்டனின் பெரிய எண்ணெய் நிறுவனமான பிபி உள்ளே வந்து, அந்த பிளாக்கையும் சேர்த்துப் பல பிளாக்குகளில் 30 சதவீதத்துக்கு 720 கோடி டாலர் கொடுத்தது. உலகத்திலேயே நல்ல நிலவியல் நிபுணர்கள் அவர்களிடம் இருந்தார்கள். 2013 வாக்கில் வரத்து கால்வாசிக்கும் கீழே போய்விட்டது, அந்த முதல் வயல்கள் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன. பக்கத்தில் வேறு வயல்களைத் திறந்து அவர்கள் திரும்ப மேலே வந்துவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு பெட்ரோகெமிக்கல் இருக்கிறது, ஜியோ இருக்கிறது, காத்திருக்க வசதி இருக்கிறது. ஒரே ஒரு பிளாக்கில் 25 சதவீதம் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்களுக்கு மாந்தோப்பு இருப்பதால் இது சுலபமாகப் புரியும். தோப்பைக் குத்தகைக்குப் பேச வருகிறவர் எப்போது வருகிறார் என்பதைப் பொறுத்துத்தானே விலை? பூவைப் பார்த்துப் பேசினால் ஒரு விலை, பிஞ்சு பிடித்த பிறகு ஒரு விலை, காய் திரண்டு நிற்கும்போது ஒரு விலை. எண்ணெயிலும் அப்படித்தான் மூன்று வார்த்தை வைத்திருக்கிறார்கள். 'ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்' என்றால் இன்னும் தோண்டவே இல்லை, இருக்கலாம் என்று கணிப்பு, மரத்தில் பூகூட வரவில்லை. 'கன்டிஞ்சென்ட் ரிசோர்ஸ்' என்றால் இருக்கிறது என்று தெரியும், ஆனால் எடுக்க ஏதோ ஒன்று தடை, விலையோ குழாயோ அனுமதியோ. 'ரிசர்வ்ஸ்' என்றால்தான் எடுத்து விற்கக்கூடியது. அதிலும் 1பி என்பது அவ்வளவாவது வரும் என்று 90 சதவீத நம்பிக்கை, 2பி என்பது பாதிக்குப் பாதி, 3பி என்பது பத்தில் ஒரு வாய்ப்பு. இன்னொன்றும் இருக்கிறது, 'ஆயில் இன் பிளேஸ்' என்று ஒரு பெரிய எண் போடுவார்கள், அது பூமிக்குள் மொத்தம் இருப்பது. அதில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு மேலே வந்தால் நல்ல வயல் என்பார்கள். மச்சான் மகனின் குழுவில் சுற்றுகிற '5 கோடி பீப்பாய்' எந்த வகை என்று ஆண்டறிக்கையைத் தேடிப் பார்த்தேன். ப்ராஸ்பெக்டிவ். அதுவும் முழு பிளாக்குக்கும், உங்கள் கம்பெனியின் 25 சதவீதத்துக்கு அல்ல.

எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிணறு ஒரு நாளைக்கு 100 பீப்பாய் தருகிறது. பீப்பாய் 65 டாலர், டாலர் 85 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் ஒரு பீப்பாய்க்கு 5,500 ரூபாய் சொச்சம், வருஷத்துக்கு 20 கோடி. கேட்கும்போது பெரிதாக இருக்கும். அதில் உங்கள் கம்பெனிக்கு 25 சதவீதம், 5 கோடி. நிலப்பகுதி எண்ணெய்க்கு ராயல்டி 12.5 சதவீதம், ஒப்பந்தப்படி அரசுக்கு வருவாயில் ஒரு பங்கு, அப்புறம் கிணற்றை ஓட்டும் செலவு, டேங்கர், டீசல், சம்பளம். இரண்டு இரண்டரை கோடி கையில் நின்றால் பெரிய விஷயம். அடுத்த வருஷம் அதே கிணறு அதே அளவு தராது, வருஷா வருஷம் குறையும், அது எண்ணெய்க் கிணற்றின் இயற்கை. இப்போது மறுபக்கம்: கம்பெனியில் 32 கோடி பங்குகள், ஒரு பங்கு 19 ரூபாய், ஆக மொத்தக் கம்பெனிக்கும் சந்தை போட்டிருக்கும் விலை 608 கோடி. வருஷத்துக்கு இரண்டரை கோடி தரும், அதுவும் தேய்ந்துகொண்டே போகும் ஒரு தோப்புக்கு 608 கோடி கொடுப்பீர்களா அண்ணா? 19 ரூபாய் என்பதால் மலிவாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பங்கின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு செய்வது, மாங்காய் கூடை 200 ரூபாய் என்று கேட்டுவிட்டுக் கூடையில் எத்தனை காய் என்று பார்க்காமல் வாங்குவது மாதிரி.

இந்த 32 கோடிப் பங்குகள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் என் முக்கியமான கவலை. எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் 'ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்' என்று ஓர் இடம் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன வருஷம் இதே நேரத்தில் 20 கோடிப் பங்குகள். நடுவில் 12 கோடிப் பங்குகளைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 9 ரூபாய்க்கு ஒதுக்கியிருக்கிறார்கள். புரமோட்டர் பங்கு, அதாவது கம்பெனியை நடத்தும் முதலாளிகளின் பங்கு, 51 சதவீதத்திலிருந்து 32க்கு இறங்கிவிட்டது. பங்குதாரர் எண்ணிக்கை 6,000இலிருந்து 58,000 ஆகியிருக்கிறது, அந்த 52,000 பேரும் உங்களைப் போலச் சிறுகச் சிறுக வாங்கியவர்கள். 9 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு ஆறு மாத லாக்-இன் இருக்கிறது, அதுவரை அவர்கள் விற்க முடியாது, அது அடுத்த மாதம் முடிகிறது. அவர்கள் விற்க வரும்போது வாங்குவதற்கு ஆள் வேண்டும். இப்போதே ஏன் இந்த அறிவிப்பு, இப்போதே ஏன் இந்த டெலிகிராம் பரபரப்பு என்று யோசித்துப் பாருங்கள், முடிவை உங்களிடமே விடுகிறேன்.

பங்கு வெளியிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தேடும் கம்பெனிக்கு வருமானம் இல்லை, அடுத்த கிணற்றுக்குப் பணம் வேண்டும், வங்கி கடன் தராது, தோண்டாத கிணற்றை எந்த வங்கி அடமானமாக எடுக்கும்? ஆகவே புதுப் பங்குதான் அவர்களுக்கு வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய பங்குதாரரின் துண்டு சின்னதாகிறது. நாளைக்கே எண்ணெய் வந்தாலும் அது 20 பேருக்குப் பதில் 32 பேருக்குப் பங்காகும், இன்னும் இரண்டு கிணறு தோண்டிய பிறகு 50 பேருக்கு. அதனால் இந்த மாதிரிக் கம்பெனியைப் பார்க்கும் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எண்ணெய் இருக்கிறதா என்பது கிடையாது. அடுத்த போருக்கு யார் பணம் கொடுப்பது? இதற்குக் கம்பெனியின் கணக்கில் பதில் இல்லையென்றால் பதில் நீங்கள்தான்.

'இந்தியா 85 சதவீதத்துக்கு மேல் கச்சா எண்ணெயை இறக்குமதி செய்கிறது, அதனால் இந்தக் கம்பெனி ஜெயிக்கும்' என்று குழுவில் போட்டிருக்கிறார்களாம். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தர்மபுரி முழுக்கத் தண்ணீருக்குத் தவிக்கிறது என்பதால் எங்கள் நிலத்தில் ஊற்று வந்துவிட்டதா? (ஒரு தம்பி போன மாதம் நம்ம மாவட்டத்தில் எண்ணெய் இருக்குமா என்று கேட்டிருந்தார். இருக்காது. எண்ணெய் இருக்க வண்டல் படிந்து உருவான பாறை வேண்டும், நரிமணம் மாதிரி காவிரி டெல்டாப் பக்கம் அது இருக்கிறது, நம்ம காலடியில் இருப்பது பல நூறு கோடி வருஷம் பழமையான கெட்டிப் பாறை. கிரானைட்டுக்கு நல்லது.)

விலை விஷயத்தில் சின்ன உற்பத்தியாளரும் மாங்காய் விவசாயியும் ஒரே படகில்தான். பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொல்கிற ரேட்தான் ரேட், கிலோ நாலைந்து ரூபாய்க்கு இறங்கினால் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விடுகிறோம். எண்ணெய் விலை 2014 நடுவில் 115 டாலர், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே. கொரோனா சமயத்தில் 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. நம்ம நாட்டுப் பொருள் சந்தையான எம்சிஎக்ஸில் அந்த ஒப்பந்தத்தை மைனஸ் 2,884 ரூபாய்க்கு முடித்தார்கள், வாங்கி வைத்திருந்தவர்கள் போட்ட பணம் போய் மேற்கொண்டும் கட்டினார்கள். விலை ஏறினாலோ அரசு வரும், 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் என்று தனி வரி போட்டார்கள். அதில் வருஷத்துக்கு 20 லட்சம் பீப்பாய்க்குக் கீழே எடுக்கும் சின்ன கம்பெனிகளுக்கு விலக்கு கொடுத்தது நியாயமான விஷயம், 2024 டிசம்பரில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பாருங்கள், கம்பெனி நிர்வாகம் எவ்வளவு திறமையாக இருந்தாலும் இவை எதுவும் அவர்கள் கையில் இல்லை.

சின்ன கம்பெனிகள் எல்லாமே இப்படியா என்றால், இல்லை. ஏற்கெனவே உற்பத்தி இருக்கும் சின்ன கம்பெனி வேறு, தேடிக்கொண்டு மட்டும் இருக்கும் கம்பெனி வேறு. 2015இல் அரசு சிறு வயல்களுக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது, அரசு நிறுவனங்களான ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும் கண்டுபிடித்துவிட்டுத் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று விட்ட வயல்களை ஏலம் விட்டார்கள். அதில் எண்ணெய் இருக்கிறதா என்ற பெரிய கேள்வி ஓரளவுக்குத் தீர்ந்துவிட்டது, எடுக்கக் கட்டுப்படியாகுமா என்பதுதான் மிச்சம். அப்படிப்பட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையில் போன வருஷம் எத்தனை பீப்பாய் விற்றோம், ஒரு பீப்பாய் எடுக்க என்ன செலவு, 2பி ரிசர்வ்ஸ் எவ்வளவு, வெளியாள் யார் வந்து அதைச் சான்று செய்தார்கள் என்று எழுதியிருக்கும். உங்கள் கம்பெனியின் அறிக்கையில் பீப்பாய் கணக்கே இல்லை, 'வாய்ப்பு', 'திட்டம்', 'பேச்சுவார்த்தை' என்ற வார்த்தைகள்தான் பக்கத்துக்குப் பக்கம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2011இல், இந்தத் தொழிலுக்குள் வந்த புதிதில், நானும் இப்படி ஒரு சின்ன எண்ணெய் கம்பெனியில் 60,000 ரூபாய் போட்டேன். அதே 'ஷோஸ்' அறிவிப்பு. மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சோதனை ஓட்டம் எதிர்பார்த்தபடி இல்லை, கிணற்றை மூடிவிட்டோம் என்று இரண்டு வரி வந்தது. பங்கு அப்போது நான் வாங்கிய விலையில்தான் இருந்தது. திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு விற்கப் போட்டேன், 5 சதவீத லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை அதற்கு மேல் விழக்கூடாது என்று சந்தை வைத்த எல்லை, வாங்க ஒரு ஆள் இல்லை. செவ்வாய் அப்படியே. தினமும் காலையில் டீ குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விற்கப் போடுவேன், திரையில் விற்பவர் பக்கம் லட்சக்கணக்கில், வாங்குபவர் பக்கம் பூஜ்யம். பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் விற்க முடிந்தபோது 34,000 சொச்சம் கைக்கு வந்தது. விலை விழுந்ததைவிட, விற்க முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தையில் பந்தல் போட வேண்டும். மண்டபத்துக்காரரிடமும் நகைக்கடையிலும் லோயர் சர்க்யூட்டில் மாட்டியிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

மச்சான் மகனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பான். அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: குழுவை நடத்துகிறவரின் செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண் என்ன? ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்றும் ஆய்வாளர் என்றால் ஐஎன்எச் என்றும் தொடங்கும், செபி தளத்தில் போட்டு அதே பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். எண் இல்லாமல் 'இந்தப் பங்கை வாங்கு' என்று சொல்வது சட்டப்படி தப்பு. எண் இருந்தாலும் 100 ரூபாய் நிச்சயம் என்று சொன்னால் அதுவும் தப்பு.

இனி உங்கள் பணம். தைக்கு இன்னும் சில மாதம்தான், கல்யாணத்துக்கு என்ன ஆகுமோ அது முழுக்க வங்கியிலேயே இருக்கட்டும், வட்டி குறைவு என்று அதைத் தொடாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். மாங்காய் விலை விழுந்த ஒரு வருஷம் வந்தால் தாக்குப்பிடிக்க ஒரு வருஷச் செலவும் டெபாசிட்டில் இருக்கட்டும். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதை எங்கே வைப்பது என்று கல்யாணம் முடிந்து பேசுவோம், அவசரமே இல்லை. எண்ணெய்த் துறையில்தான் போட வேண்டும் என்று ஆசை இருந்தால், பல துறையிலும் போடும் ஒரு சாதாரண மியூச்சுவல் ஃபண்டிலேயே அதுவும் கொஞ்சம் இருக்கும். தேடும் கம்பெனியில் நேரடியாகப் போடுவது என்றால் என் கணக்கில் உங்களுக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய நீங்கள் ஏற்கெனவே போட்டுவிட்ட அளவு.

அந்த 3,000 பங்குக்கும் வழி சொல்லிவிடுகிறேன். 42,000 போட்டிருக்கிறீர்கள், இன்றைய விலையில் 57,000. இப்போது வாங்க ஆள் இருக்கிறார்கள், லாக்-இன் முடியும் முன்னால் இந்த வாரமே 2,200 பங்கை விற்றால் 41,800 கைக்கு வந்துவிடும், போட்ட முதல் ஏறக்குறைய முழுக்கத் திரும்பிவிட்டது. வாங்கி ஒரு வருஷம் ஆகாததால் லாபத்துக்குக் குறுகிய கால வரி 20 சதவீதம், பங்குக்கு 5 ரூபாய் வீதம் 11,000 லாபத்துக்கு 2,200 ரூபாய். உங்கள் மற்ற வருமானம் பெரும்பாலும் விவசாயம் என்பதால் அதுவும் கட்ட வேண்டியிராமல் போகலாம், கிருஷ்ணகிரியில் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிச்சம் 800 பங்கை வைத்திருங்கள். எண்ணெய் வந்தால் சந்தோஷம், பெண்ணுக்கு ஒரு பட்டுப் புடவை கூடுதலாக எடுக்கலாம். விற்கும்போது, கிடைத்த விலைக்கு விற்றுவிடும் 'மார்க்கெட் ஆர்டர்' போடாதீர்கள், 18.80 மாதிரி ஒரு விலையை நீங்களே குறித்து 'லிமிட் ஆர்டர்' போடச் சொல்லுங்கள், இந்த மாதிரிப் பங்கில் காலை முதல் பத்து நிமிஷம் விலை தாறுமாறாக ஆடும், பத்தரை மணிக்கு மேல் போட்டால் போதும். விற்றதும் புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டை (விற்றதற்கான ரசீதை) எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து உங்கள் தம்பி
(செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்)